தலைவரின் பக்கத்தில் நின்றவன்

என் அண்ணன் ஹின்னெர்க்குக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆசைதான். சொந்தமாக ஒரு போர்க்கப்பலுக்குத் தலைமை ஏற்க வேண்டும். கீல் துறைமுகத்தில் பிறந்தவர்களுக்கு அது பெரிய ஆசையே இல்லை. கடற்படையில் சேர்ந்தான், மளமளவென்று மேலே வந்தான். கப்பல் கைக்கு எட்டப்போகிற நேரத்தில் பெர்லினிலிருந்து அழைப்பு வந்தது. நாட்டின் தலைவருக்குப் பக்கத்திலேயே இருந்து கடற்படைச் செய்திகளைச் சொல்ல ஓர் அதிகாரி வேண்டுமாம். உயரமானவன், குடிக்காதவன், தெளிவாகப் பேசுகிறவன் என்று இவனைப் பிடித்துவிட்டார்கள்.

"ஒரு வருஷந்தான், வீப்கெ. அப்புறம் கப்பல் தர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்றான் என்னிடம்.

என் கணவர் ஃபோல்கெர்ட் விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் ஹின்னெர்க்கும் கடற்படைப் பள்ளியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். "டேய், கப்பல் ஓட்டறவன்னு நெனச்சேன். கடைசில அவரு கோட்டு மாட்டுற ஆணியா போயிட்டியே!"

ஹின்னெர்க்கும் சிரித்தான். முதல் வருடம் கப்பல் கேட்டான், அடுத்த வருடமும் கேட்டான். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டான். ஊருக்கு வரும்போதெல்லாம் தலைவரைப் பற்றித்தான் பேச்சு. அவர் எப்போது கோபப்படுவார், என்ன சொன்னால் முகம் மலரும் என்று வானிலை சொல்வதுபோலச் சொல்வான். அம்மா வாய் பிளந்து கேட்பாள். எங்கள் தெருவிலிருந்த யூத டாக்டர் குடும்பத்தைப் போலீஸ் கொண்டுபோன வாரத்திலும் அவன் வந்திருந்தான். அதைப் பற்றி அவன் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போர் நடந்துகொண்டிருந்த நாற்பத்துமூன்றாம் வருட வசந்தத்தில் ஃபோல்கெர்ட் விடுப்பில் வந்தார். அப்போது அவர் ஒரு நீர்மூழ்கிப் படகின் கேப்டன். ஹின்னெர்க்கும் வந்திருந்தான். சாப்பாட்டு மேசையில் ஃபோல்கெர்ட் வழக்கமான கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"எதிரி விமானத்துல மேகத்துக்கு மேலேர்ந்தே எங்களைக் கண்டுபிடிச்சிடறாங்கடா. எப்படின்னு தெரியல. போற படகுல பாதி திரும்பறதில்ல. எனக்குக் குடுத்திருக்கிற பசங்களுக்கு இன்னும் மீசை மொளைக்கல. இதுக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் படகுங்களைத் திரும்பக் கூப்பிடணும். மேலிடத்துல யாரும் வாயத் தொறக்கல. தலைவர்கிட்ட நேர்ல பேசறவன் நீ. சொல்லுவியா?"

"சொல்றேன். மூஞ்சிக்கு நேரா சொல்றேன்" என்று ஹின்னெர்க் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்த மாதமே ஃபோல்கெர்ட் கடலுக்குப் போனார். திரும்பவில்லை. படகிலிருந்த ஒருவர்கூடத் திரும்பவில்லை.

செய்தியைச் சொல்ல ஹின்னெர்க்கே வந்தான். என் தோளில் முகத்தை வைத்து அழுதான். நான் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவன் சொல்லியிருப்பான், அந்த மனிதர் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். படகிலிருந்தவர்களின் மனைவிகளும் தாய்மார்களும் என்னைத் தேடி வந்தபோது அதையே சொன்னேன். "என் அண்ணன் நேர்லயே சொல்லிப் பாத்தான். கேக்கல." அவர்களுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எனக்கும்.

போர் முடிந்தது. கீலில் முழுதாக நின்ற வீடுகள் குறைவு. ஹின்னெர்க் ஆங்கிலேயரின் கைதி முகாமிலிருந்து விடுதலையாகி, நானும் என் மகளும் இருந்த வீட்டுக்கு வந்து தங்கினான். பகலில் துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை அறுத்தெடுக்கும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு சூப் ஊற்றும்போது, பெரிதாக எதையும் நினைக்காமல் கேட்டேன்.

"ஃபோல்கெர்ட் சொல்லச் சொன்னதைச் சொன்னப்போ அந்தாளு என்ன சொன்னாரு?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"சொல்லல."

"என்ன?"

"போய் நின்னேன், வீப்கெ. அன்னிக்கு நல்ல மனநிலையில இருந்தாரு. 'கடல்ல நம்ம பசங்க எப்படி இருக்காங்க'ன்னு அவரே கேட்டாரு. 'உற்சாகமா இருக்காங்க'ன்னு சொல்லிட்டேன்."

"பயந்துட்டியா?"

"பயந்திருந்தா பரவாயில்லயே." அவன் சூப் தட்டைத் தள்ளி வைத்தான். "அவரு முகம் வாடக் கூடாதுன்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"சொல்லியிருந்தா படகுங்களைத் திரும்பக் கூப்பிட்டிருப்பாரா?"

"மாட்டாரு."

"அப்ப சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

அவன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். நான் தடுக்கவில்லை.

மறுநாள் ஃபோல்கெர்ட்டின் படகில் இருந்த இயந்திரக்காரனுடைய தாய், ப்ரோடர்சன் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பொய் சொல்லி ஆறுதல் கொடுத்திருக்கிறேனே என்று மனசை அறுத்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"இத ஏம்மா எங்கிட்ட வந்து சொல்ற?" என்றாள் கடைசியில். "யாரோ ஒருத்தன் எம்புள்ளைக்காக வாயத் தொறந்தான்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். அதையும் எடுத்துக்கிட்டுப் போறியே."

மற்றவர்கள் வீட்டுக்கு நான் போகவில்லை.

ஹின்னெர்க் துறைமுகத்துப் பக்கம் ஓர் அறை எடுத்துக்கொண்டான். சந்தையில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொடுவான், நான் தலையசைப்பேன். அதன்பின் வந்த மூன்றாம் குளிர்காலத்தில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். தினமும் போனேன். நிலக்கரியின் விலை, என் மகளின் படிப்பு என்று பேசினோம். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, நானாகவும் கொடுக்கவில்லை. இறந்த அன்று அவன் முகத்தை நான்தான் துடைத்தேன்.

அடக்கத்துக்கு முன்னால் போதகர் வந்து, அவனைப் பற்றி என்ன பேசலாம் என்று கேட்டார்.

"ஒன்னும் பேச வேணாம். ஒரு பாட்டு மட்டும் பாடுங்க" என்றேன்.