டேப்பட் சத்தம்

எங்கள் வீட்டு அம்பாசிடரை ஓட்டுவது நான்தான். என் வீட்டுக்காரர் வைரக்கண்ணுவுக்கு டிராக்டர் வரும், வயலில் டீசல் பம்புசெட்டைப் பிரித்துப் பூட்ட வரும், கார் மட்டும் வராது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஞானம், பேச்சைக் கொறச்சுட்டு ரோட்டப் பாரு" என்று சொல்ல வரும். மகள் வானதியைக் கல்யாணத்தன்று மண்டபத்துக்கு அந்தக் காரில் நானே ஓட்டிப்போவது என்று தாயும் மகளும் எப்போதோ பேசி முடித்திருந்தோம்.

கல்யாணம் நெருங்கும் நேரம் பார்த்து வண்டி மக்கர் பண்ணியது. குடவாசலிலிருந்து வரும்போது ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில் இழுக்கவே இல்லை. பின்னால் வந்த நெல் லாரிக்காரன் ஹாரனாலேயே என்னைத் திட்டித் தீர்த்தான். உள்ளூர் மெக்கானிக் வந்து பார்த்து, பிஸ்டன் போய்விட்டது, இந்த என்ஜினைக் கழற்றிக் கடாசிவிட்டு டீசல் என்ஜின் வைக்கலாம், கல்யாணத்துக்குள் முடியாது என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவனுக்கு ஒரு வாய்க் காபிகூடக் கொடுக்கவில்லை.

"வாடகைக்குப் புதுக் கார் எடுத்துக்கலாம், விடு" என்றார் இவர். விடுவேனா? மன்னார்குடியில் பழைய கார்களுக்கென்றே பட்டறை வைத்திருக்கும் சான்ட்ராவுக்குப் போன் போட்டேன்.

வந்ததும் பானட்டைத் திறப்பாள் என்று பார்த்தால், அவள் பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்தாள். என்னை வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னாள். மீந்துபோன கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றை வாங்கி, புகைக் குழாய்க்கு நேரே பிடித்தாள். புகை கவரை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. நடுநடுவே மட்டும் அது வெடுக்கென்று உள்பக்கம் இழுபட்டது.

"பாத்தீங்களாக்கா? ஊதுற எடத்துல உறிஞ்சுது. புகை வெளிய போற வால்வு ஒண்ணு சரியா மூடல."

"பிஸ்டன் போச்சுன்னானே அவன்?"

"அதையும் கேட்டுருவோம்."

என்ஜினிடமே கேட்கப்போவதுபோல்தான் சொன்னாள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்து அழுத்தம் பார்த்தாள். ஒன்றில் மட்டும் முள் பாதியிலேயே நின்றது. அதற்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தாள். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து முள் ஏறும், வால்வு என்றால் ஏறாது என்றாள். முள் ஏறவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. நடுவில் கல்யாணப் பலகாரத்தையும் பார்த்துக்கொண்டு வந்ததில் கையெல்லாம் முறுக்கு மாவாக இருந்ததால் தட்டவில்லை.

பிறகுதான் என்ஜினின் மேல்மூடியைக் கழற்றினாள். வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகிப் பார்த்தாள். எந்த வால்விலும் நுழையவில்லை.

"இந்த எடைவெளிய, டேப்பட்ட, கடைசியா வச்சது யாரு?"

என் வீட்டுக்காரர் தென்னைமரத்து உச்சியைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"பட்டுக்கோட்டையிலேருந்து சம்பந்தி வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வர்றதா இருந்துச்சு" என்று இழுத்தார். "அவங்க முன்னாடி டக்கு டக்குன்னு சத்தம் கேட்டா மரியாதையா இருக்காதேன்னு, பம்புசெட்ல பண்ற மாதிரியே சத்தம் அடங்குற வரைக்கும் முடுக்கிவிட்டேன்."

"அண்ணே, சூடானா வால்வு நீளும். நீள எடமில்லன்னா முழுசா மூடாது. நெருப்பு அந்த இடுக்குல பூந்து விளிம்பையே தின்னுரும். சன்னமா டக்கு டக்குன்னு கேட்டா நல்லாருக்குன்னு அர்த்தம். சத்தத்தையே காணோம்னாத்தான் எங்கயோ எரியுதுன்னு பயப்படணும்."

நானாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். சான்ட்ரா சிரிக்கக்கூட இல்லை. "பொண்ணு வீட்டுக்குக் கௌரவமா இருக்கணும்னுதானண்ணே செஞ்சீங்க" என்றாள். "அந்தப் பம்புசெட்டையும் ஒருதடவ காட்டுங்க." இவ்வளவு கெட்டிக்காரிக்கு இவ்வளவு பதமான வாயா! அந்தப் பெண்ணை எனக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று.

வால்வுகள் உட்கார்ந்திருக்கும் ஹெட்டையும் கழற்றியபோது, அவள் சொன்ன சிலிண்டரில், அவள் சொன்ன வால்வுதான், ஓரம் கடித்த அப்பளமாக இருந்தது. புது வால்வு போட்டு, மற்றவற்றைத் தேய்த்து உட்காரவைத்து, தகடு நுழையும் இடைவெளியோடு டேப்பட் வைத்துக் கொடுத்தாள். சாவியைத் திருப்பினேன். சன்னமாக, தவறாமல், டக்கு டக்கு. பாலத்து ஏற்றத்தில் வண்டி சிரமமில்லாமல் ஏறியது.

கல்யாணத்தன்று வானதியோடு மண்டபத்து வாசலில் போய் நின்றேன். மாப்பிள்ளையின் மாமா, "என்னங்க, என்ஜின்ல சத்தம் வருது?" என்றார்.

"டேப்பட்டுங்க. அது கேக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர், தானே கண்டுபிடித்த மாதிரி.

சாயந்திரம் வானதி அவர்களோடு பட்டுக்கோட்டைக்குப் போனாள். நாங்கள் இருவரும் காரில் திரும்பினோம். பின்சீட்டில் அவள் தலையிலிருந்து உதிர்ந்த மல்லிகை கிடந்தது. நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பாலம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்:

"ஞானம், சத்தத்தையே காணோமே. எங்க எரியுது?"

வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாய்விட்டு அழுதேன்.