மூச்சைப் பிடிங்க

அந்த எக்ஸ்ரே நிலையத்தில் எல்லோரும் அவரை மூச்சுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டில் குடியேறப் போகிறவர்களின் நெஞ்சைப் படம் எடுப்பது அவர் வேலை. "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க" என்று ஒன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, ஊரில் பாதிப் பேரை விமானம் ஏற்றிவிட்டார். அவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

வழியனுப்பி வழியனுப்பி அலுத்துப்போய்த்தான் அவரும் ஒரு நாட்டில் குடியேற விண்ணப்பித்தார். மனைவியைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு வருடம் ஆயிற்று. கணக்கு டீச்சர், லேசில் மசிகிற ஆள் இல்லை.

"அந்த நாட்டுக் குடியுரிமையை வாங்கி என்னங்க பண்ணப்போறோம்? இங்க நம்மள நாலு பேருக்குத் தெரியும். அங்க நாம யாரு?"

"நமக்கு இல்லம்மா, பொண்ணுக்கு. அவளுக்கு இங்க என்ன இருக்கு, சொல்லு?"

மகளுக்காக என்றதும் இறங்கிவந்தாள். பதினேழு வருட வேலையை ராஜினாமா செய்தாள். அந்த நாட்டு மொழியை மகளோடு உட்கார்ந்து படித்து, பரீட்சையில் மகளைவிட ஆறு மார்க் கூடவும் வாங்கினாள். மிச்சம் மருத்துவப் பரிசோதனை மட்டும்தான். நான்கு மாதத்தில் அவருக்கு நாற்பத்தைந்து வயது முடிகிறது; அதற்குள் அனுமதி வராவிட்டால் மொத்தக் குடும்பத்தின் விண்ணப்பமும் செல்லாது.

பரிசோதனைக்கு மூன்று வாரம் இருக்கையில் அவளுக்கு இருமல் வந்தது. வெறும் சளி இருமல். வேறு யாராவது என்றால் வெந்நீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். இவருக்குத்தான் எல்லாம் தெரியுமே! எதற்கும் முன்கூட்டியே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளை அழைத்துவந்து மெஷின் முன்னால் நிறுத்தினார்.

இப்படிச் சும்மா எடுத்துப் பார்க்கும் படத்துக்கு பாஸ்போர்ட் எண் போடக்கூடாது. போட்டால் படம் நேராகத் தூதரகத்துக்குப் போய்விடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே அவர்தான். ஆனால் ஒரு நாளைக்கு அறுபது எண் அடிக்கிற கை, பழக்க தோஷத்தில் அவள் எண்ணையும் அடித்துவிட்டது. "விடுங்க" என்று சொன்ன பிறகுதான் திரையைப் பார்த்தார். படம் போய்விட்டிருந்தது. வலது நுரையீரலின் அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நிழல்.

மாத்திரை போட்டதில் பத்தே நாளில் நிழல் காணாமல் போனது. ஆனால் தூதரகம் விடுமா? காசநோய் இல்லை என்று உறுதியாகும்வரை ஆறு மாதம் கண்காணிப்பு என்று கடிதம் வந்தது. அனுப்பின படத்தைத் திரும்ப வாங்க வழியே இல்லை என்று தலைமை டாக்டர் கையை விரித்துவிட்டார்.

படம் போனது அவருடைய கைத்தவறால் என்று மனைவிக்குத் தெரியாது. "இன்னைக்கே எடுத்துடலாம், வா" என்று அவர் கூட்டிப்போனதால், அதுதான் முறையான பரிசோதனை என்று நினைத்திருந்தாள். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்தாள்.

"ஆறு மாசம்னா உங்க வயசு தாண்டிடும், இல்லைங்க?"

"ம்."

"பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன். என் நெஞ்சுதானே கெடுத்துச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். நாயா அலைஞ்சீங்க."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வெட்கமாக இருந்தது; மூடிக்கொண்டார். உள்ளறையில் மகள் அந்த நாட்டு மொழிப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் படிக்கிற சத்தம் நின்றது.

"அம்மாவை மன்னிச்சிடு கண்ணு" என்று அவள் சொல்வது கேட்டது.

அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.