சேறு படாத கழிசான்

நான் லண்டன் எட்மண்டனிலை இருந்து பஸ் எடுத்துப்போய், பெரிய புட்போல் கிளப் ஒண்டிலை விளையாட்டுக்காரரின்ரை சேட்டு, அரைக்காற்சட்டை எல்லாம் தோய்க்கிறவள். மெஷினுக்குள்ளை போடமுதல் ஒவ்வொரு வெள்ளைக் கழிசானும் என்ரை கையாலை போகும். மற்றவங்கள் விழுந்து பிரண்டு பந்தைப் பறிப்பாங்கள். அவங்கடை கழிசானிலை அரைத் தோட்டம் ஒட்டியிருக்கும்.

ஹெம்ஸ்ட்ரா வேறை. ஹொலண்டுக்கு எழுபது மேட்ச் விளையாடின தடுப்பாட்டக்காரன். பந்து எங்கை வருமெண்டு முதலே போய் நிண்டிடுவார், விழவேண்டி வராது. நான் வேலைக்கு வந்த புதுசிலை, ஆள் விளையாடேல்லையாக்கும் எண்டு அவரின்ரை கழிசானைத் தோய்க்காமல் மடிச்சு வைச்சிட்டன். அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "மேடம், நான் தொண்ணூறு நிமிசமும் விளையாடினனான்" எண்டு சிரிச்சார். எனக்கு வெக்கமாப் போச்சு.

அதுக்குப் பிறகு ஆறு வருசம் போச்சு. 2006 மாசியிலை அவரின்ரை கழிசானிலை முதல் தரம் சேறு. இடப்பக்கம். பிறகு மூண்டு கிழமையும் அப்பிடித்தான். என்ரை மனுசன் ஞானேஸ்வரன் ரீவிக்கு முன்னாலை துள்ளுறார்: "பாரப்பா, என்ன மாதிரிச் சறுக்கி எடுக்கிறான்! இப்பதான் ஆள் விளையாடுறான்!" எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ரீவியிலை கதைக்கிறவங்களும் அதே புழுகு.

வெள்ளிக்கிழமை ஹெம்ஸ்ட்ரா என்னட்டை வந்தார். "நாளைக்கு ஹொலண்ட் கோச் பாக்க வாறார். வேர்ல்ட் கப்புக்குப் போறதோ இல்லையோ, நாளையோடை முடிவு. எல்லாரும் புகழுறாங்கள். நீங்கள் சொல்லுங்கோ, உடுப்பு என்ன சொல்லுது?"

"இடப்பக்கம் சேறு. நீங்கள் பந்துக்குப் பிந்திப் போறியள், அதுதான் விழவேண்டி வருது."

ஐயோ, ஏன் வாயைத் திறந்தனோ! அவர் இடது முழங்காலைத் தடவி, "ஓம்" எண்டார். அவ்வளவுதான்.

அடுத்தநாள் மழை கொட்டுது. முதல் தரமாய் மெஷினை விட்டிட்டு, மைதானத்துக்கு இறங்கிற வாசலடியிலை போய் நிண்டன். எதிர்ப்பக்கத்திலை இருபது வயசுப் பெடியன் பறக்கிறான். ஹெம்ஸ்ட்ரா அவனோடை ஓடேல்லை. உதைக்கிறவன் காலைத் தூக்கவே நாலடி பின்னுக்குப் போய், பந்து வந்து சேருற இடத்திலை நிக்கிறார். ஒருக்கா இல்லை, பத்துத் தரம். அம்மாளாணை, எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. பந்து இந்த மனுசனைத் தேடியெல்லோ வருது!

மேட்ச் முடிய ஞானேஸ்வரன் வீட்டிலை இருந்து எனக்குப் போன் எடுத்தார். "உன்ரை ஆள் இண்டைக்கு ஒண்டுமே செய்யேல்லை. அவன்ரை கதை முடிஞ்சுது."

நான் போனை வைச்சிட்டு உள்ளை போனன். கூடை நிறையச் சேறு. மேலை ஒரே ஒரு வெள்ளைக் கழிசான், அவரே மடிச்சு வைச்சிருக்கிறார். அதைப் பிடிச்சுக்கொண்டு அழுதிட்டன்.

மே மாசம் ஹொலண்ட் பட்டியல் வந்தது. அவரின்ரை பேர் இருந்தது.

"ஒண்டும் செய்யாதவனை ஏனப்பா எடுத்தவங்கள்?" எண்டார் ஞானேஸ்வரன்.

"செய்யவேண்டி வரேல்லை. அதுக்குத்தான்" எண்டன்.