காளைகளை மீட்ட கூத்தாடி

மடத்துத் தலைவர் கிபேர் சுரண்டுகல்லைக் கையில் எடுத்துவிட்டார். மேசைமேல் கிடந்தது பழைய ரோமாபுரி நாடகங்கள் எழுதிய தோல் புத்தகம். அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு அதே தோலில் ஜெபங்களை எழுதுவதென்று முடிவு கட்டியிருந்தார். பர்கண்டி நாடு முழுக்கத் தேடினாலும் அதற்கு வேறு பிரதி கிடையாது. புத்தகங்களைக் காக்கும் துறவி எவ்ரார் குறுக்கே கையை நீட்டினார்.

"சாமி, அதுல நல்ல வாக்கெல்லாம் இருக்கு. நம்ம பிரசங்கத்துக்கு ஆகும்."

"என்னத்த ஆகும்? சிலையக் கும்பிட்டவன் எழுதின கூத்து! உம்ம கூத்தாடி நம்ம உழவுக் காளைங்கள மீட்டுக் குடுப்பானா? குடுத்தா புத்தகத்த நீரே வச்சுக்கும்."

எரிச்சலில் வந்த பேச்சுதான். கோட்டைப் பிரபு கோஷே மடத்துக் காளைகளை ஓட்டிக்கொண்டு போனதிலிருந்து தலைவருக்குத் தூக்கமில்லை. விதைப்புக் காலம் வேறு. ஆனால் எவ்ரார் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தலைவர் கோட்டைக்குக் கிளம்பியபோது கூடவே கிளம்பிவிட்டார்.

பிரபு தன் வீரர்களோடு பன்றிக்கறி தின்றுகொண்டிருந்தான்.

"அடுத்தவன் மாட்டுமேல ஆசப்படக் கூடாதுன்னு வேதம் சொல்லுது!" என்றார் தலைவர்.

"சட்டைய எடுத்தவனுக்கு மேலங்கியையும் குடுக்கச் சொல்லுதே அதே வேதம்? காளைய நான் எடுத்துட்டேன். வண்டி எங்க சாமி?"

வீரர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். சின்ன வயதில் மடத்தில் படித்துவிட்டு ஓடிவந்த பயல் அவன். எந்த வசனத்துக்கும் எதிர்வசனம் வைத்திருந்தான்.

எவ்ரார் முன்னால் வந்தார்.

"பிரபு, பழைய நாடகம் ஒண்ணுல அடிமை ஒருத்தன் எசமான்கிட்ட சொல்றான். 'எல்லாத்தையும் பிடுங்கிட்டீங்க. இனி தோக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்ல. நாளையிலேர்ந்து யாரை ஜெயிப்பீங்க?'ன்னு."

கோஷே கையிலிருந்த கறியைக் கீழே வைத்தான். நாடகத்துப் பேச்சுக்கு வேதத்தில் எதிர்வசனம் ஏது? ஒரு வீரன் களுக்கென்று சிரித்தான், இந்தமுறை பிரபுவைப் பார்த்து.

"அந்த எசமான் என்ன பண்ணினான்?" என்றான் கோஷே.

"வெக்கப்பட்டுத் திருப்பிக் குடுத்துட்டான். அவன் ஞானஸ்நானம் வாங்காதவன், பிரபு. நீங்க வாங்கினவரு."

கோஷேயின் முகம் சிவந்தது. பிறகு அவனே வயிறு குலுங்கச் சிரித்துவிட்டான். "ஓட்டிட்டுப் போய்த் தொலைங்கய்யா! ஒரு கன்னுக்குட்டியையும் சேத்து ஓட்டுங்க. அந்த ஞானஸ்நானம் வாங்காத பயல விட நான் எதுல கொறஞ்சுட்டேன்?"

காளைகள் ஊருக்குள் நுழைந்ததும் உழவர்கள் தொப்பியை வீசிக் கூத்தாடினார்கள். மடத்து மணி ஓயாமல் அடித்தது. எவ்ராருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்றோ செத்துப்போன அந்த நாடகக்காரனைக் கட்டித் தழுவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், "ஞானி ஒருவர் சொல்கிறார்" என்று ஆரம்பித்து, அடிமையின் பேச்சை அப்படியே எடுத்து விட்டார் தலைவர். சனங்கள் உருகிப் போனார்கள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்தில் மௌன வேளை. அப்போது எது வேண்டுமானாலும் கைஜாடைதான். புத்தகம் கேட்க, பக்கம் புரட்டுவதுபோல் கையை அசைக்க வேண்டும். வேதம் அறியாதவர்கள் எழுதிய புத்தகமென்றால், கூடவே நாய் மாதிரி காதைச் சொறிய வேண்டும்; அவர்கள் நாய்க்குச் சமம் என்பது மடத்து எண்ணம்.

தலைவர் எவ்ராரைப் பார்த்துப் பக்கம் புரட்டினார். பிறகு, அத்தனை துறவிகளும் பார்க்க, காதை வறட்டு வறட்டென்று சொறிந்தார்.