சேலத்து ஹாஸ்டலின் தாழ்ப்பாள்

1

இந்தக் கதை நானாக யோசித்து எழுதுவதல்ல. என் மகள் சுஜி என் தலையில் கட்டியது. நேற்று காலை, பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்:

"மா, நீதான் கதை எழுதுறவளாச்சே. நான் சென்னைல படிச்சா எப்படி இருப்பேன், சேலத்துல படிச்சா எப்படி இருப்பேன்னு ரெண்டையும் எழுதிக் காட்டு. எது நெஜம் மாதிரி இருக்கோ அங்க சேந்துடறேன்."

இரண்டு ஊர்களிலும் அவளுக்குப் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சென்னைக் கல்லூரி வீட்டிலிருந்து ஒரே பஸ். சேலம் என்றால் ஹாஸ்டல். நாளை மாலைக்குள் ஒன்றில் சேர்ந்து மற்றதை விட்டுவிட வேண்டும். கல்லூரிகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். இரண்டும் இந்தக் கதையில் ஒரு தப்பும் செய்யவில்லை.

விளையாட்டுக்குத்தானே என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததிலிருந்து தொடங்குவதும் அடிப்பதுமாக இருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "கிளாம்பாக்கத்தில் சேலம் பஸ் நகர ஆரம்பித்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சுஜி கையை —"

(ஆட்டினாள் என்று எழுத வரவில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "பல் என்பது உடம்பில் வெளியே தெரிகிற ஒரே எலும்பு."

(பல் எலும்பே இல்லையாம். சுஜி எப்போதோ சொல்லியிருக்கிறாள். இதுவும் போயிற்று.)

மூன்றாவது தொடக்கம்: "எங்கள் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது."

இது நிற்கும். இது உண்மை.

சுஜி பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கிளம்பும் நேரத்தில், குளியலறைக்குள் வலிப்பு வந்து விழுந்தாள். உள்ளே தாழ் போட்டிருந்தாள். என் கணவர் தனசிங் தோளால் இடித்து இடித்துக் கதவை உடைத்தார். மோவாய் கிழிந்து, தையல் போட்டார்கள். மறுநாள் அவர் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து வீட்டிலிருந்த உள் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்.*

அன்றிலிருந்து ஒரு பழக்கம். சுஜி குளிக்கும்போது பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் நான் "சுஜி" என்பேன். உள்ளேயிருந்து "ம்" என்று வரும். வந்தால்தான் நான் அடுப்பைத் திரும்பிப் பார்ப்பேன்.

மாத்திரை இன்னும் போடுகிறாள். வலிப்பு வந்து வருஷக்கணக்காகிவிட்டது. "எந்த ஊர்லயும் படிக்கலாம், தாராளமா" என்று தாம்பரத்து டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

* விருந்தாளிகளுக்கு: கைப்பிடியில் துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். துண்டைத் தொங்கவிட மறந்த என் நாத்தனார் இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் தங்குவதில்லை.

3

சென்னைக் கதை சுலபமாக வந்தது. இதோ:

"சுஜி காலையில் எழுந்தாள். அம்மா பாக்ஸில் தயிர்சாதம் வைத்தாள். 'மாத்திர போட்டியா?' 'ம்.' அப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் விட்டார். 'போன் பண்ணுவியா?' 'ம்.' சாயங்காலம் வந்தாள். குளித்தாள். 'சுஜி!' 'ம்.' சாப்பிட்டாள். தூங்கினாள்."

இப்படியே ஐந்து வருஷத்தையும் எழுதி முடித்துவிட்டேன். கடைசி வரியில் அவள் டாக்டராகிவிட்டாள். ஒரு இடத்திலும் அடித்துத் திருத்தவில்லை.

4

[இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். தனசிங் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.]

போன ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளை வாசித்த ஆயர், "தனசிங் ஹில்டா குடும்பத்தார், மகள் சுஜிக்குச் சென்னையிலேயே பல் மருத்துவம் படிக்க ஆண்டவர் பாராட்டின கிருபைக்காக ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுஜி என்னைப் பார்த்தாள். நான் தனசிங்கைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்னங்க இது? இன்னும் முடிவே பண்ணல, அதுக்குள்ள காணிக்கக் கவர் போட்டுட்டீங்க?"

"விசுவாசத்துல போட்டேன் ஹில்டா."

"யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"இப்ப என்ன பண்றது? ஆண்டவர்கிட்ட போய்த் திருப்பிக் குடுன்னா கேக்க முடியும்?"

அதற்குள் ஆளாளுக்கு வந்து சுஜியின் கையைக் குலுக்கினார்கள். "பக்கத்துலயே கெடச்சது பெரிய ஆசீர்வாதம்மா." சுஜி எல்லோருக்கும் தலையாட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

5

சேலத்துக் கதை:

"ஹாஸ்டல் அறையில் சுஜியும் அறைத்தோழி சத்யபிரியாவும் மெழுகுக் கட்டியில் கடவாய்ப் பல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். 'ஏய், இது பல்லு மாதிரியா இருக்கு? பலாக்கொட்ட மாதிரி இருக்குடி!' என்று சுஜி சத்தமாகச் சிரித்தாள். 'எங்கம்மா பாத்தா இதையும் கொழம்புக்குன்னு ஃபிரிட்ஜ்ல எடுத்து வெப்பாங்க.' சிரித்ததில் மேசையெல்லாம் மெழுகுத் தூள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, 'குளிச்சிட்டு வந்து ஒன் பல்லையும் நானே செதுக்கித் தரேன், தொடாத!' என்று கத்திக்கொண்டே போனாள். குளியலறைக்குள் நுழைந்தாள். தாழ்ப்பாளை —"

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சத்யபிரியா கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். இன்னொன்றில் வார்டன் ஆட்களைக் கூட்டிவந்து உடைக்கிறார். மற்றொன்றில் ஒன்றுமே நடக்கவில்லை. சுஜி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து செதுக்குகிறாள்.

கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் எழுதினேன். என் கையே அதை நம்பவில்லை. அழித்துவிட்டேன்.

(பாட்டு நின்றால் அங்கே யார் "சுஜி" என்பார்கள்? வாசகரே, நீங்கள் என்னைக் கோழை என்று நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவுக்கு வெளியே நின்றது நான்.)

6

இன்று மதியம் சுஜி இரண்டையும் என் லேப்டாப்பில் படித்தாள். நான் எதிரே உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"பலாக்கொட்ட சூப்பர்மா," என்றாள். பிறகு திரையை மேலே நகர்த்தி, சென்னைக் கதையை இன்னொரு முறை படித்தாள். "மா, இதுல நான் 'ம்'னு மட்டும்தான் சொல்றேன். கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை.

"அஞ்சு வருஷமும் 'ம்'. டாக்டர் ஆன அன்னிக்குக்கூட 'ம்'. சேலத்துலதான் நான் பேசுறேன், சிரிக்கிறேன், கத்துறேன். அங்க போய் என்ன சாகடிச்சிட்ட."

"சாகடிக்கலடி. கதவ ஒடைக்க ஆள் வர்றாங்க இல்ல?"

"மா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "பயமா இருக்கு சுஜி. நான் என்ன பண்ணட்டும், பயமா இருக்கு."

"எனக்குப் பயமா இல்லன்னு நெனச்சியா? ஃபிட்ஸ் எனக்குத்தானே வருது, ஒனக்கா வருது?" அவள் குரலும் உடைந்துவிட்டது. "சேலம்னு நெனச்சாலே நடுங்குது. இங்கியே இருந்தா இன்னும் நடுங்குது. அன்னிக்கு அப்புறம் நான் தாழ்ப்பாளே போட்டதில்லம்மா. காலேஜ் போற வயசுல எவளாவது இப்படி இருப்பாளா?"

நான் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

லேப்டாப்பை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். "முடிவ நானே எழுதறேன். எழுதி முடிக்கற வரைக்கும் என்ன கூப்பிடக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

7

இதைக் கைபேசியில் எழுதுகிறேன், அவள் அறைக்கு வெளியே நின்றபடி. உள்ளே போனவள் கதவைச் சாத்தினாள். பிறகு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

டைப் அடிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பழைய லேப்டாப், தட்டினால் ஹால் வரைக்கும் கேட்கும். நடுவில் ஒரு தடவை சிரித்த மாதிரிகூட இருந்தது.

இப்போது சத்தம் நின்றுவிட்டது.

தனசிங்கும் வந்து பக்கத்தில் நிற்கிறார். "கூப்பிடேன் ஹில்டா," என்கிறார் மெதுவாக.

"கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"ஒரே ஒரு தடவ."

யோசித்துக்கொண்டிருப்பாள். கடைசி வரிக்கு முன்னால் நானும் இப்படித்தான் நிறுத்துவேன், எழுதுகிறவர்கள் எல்லோரும் நிறுத்துவார்கள். அல்லது அவள் தரையில் —

(இல்லை. அதை எழுத மாட்டேன்.)

நான் கூப்பிட்டால் உள்ளேயிருந்து "ம்" வரும். வந்தால் எனக்கு உயிர் வரும், அவள் எழுதிக்கொண்டிருக்கும் கதை அந்த இடத்திலேயே சென்னைக் கதை ஆகிவிடும். கூப்பிடாமல் நின்றால் இந்தக் கதவு இப்போதே சேலத்தில் இருக்கிறது.

தனசிங் தோளைத் தடவிக்கொள்கிறார். அன்று இடித்த அதே தோள்.

நீங்களும் இவ்வளவு நேரமாக எங்களோடு இங்கேதான் நிற்கிறீர்கள். அவள் பெயர் உங்களுக்கும் தெரியும். உள்ளே இன்னும் சத்தமில்லை. கூப்பிடட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.