கழுவ அழுக்கில்லாத கால்

ஏழாயிரத்து நானூறு ரூபாய். கொத்தனாருக்கு அவர் தங்கை புருஷன் தரவேண்டிய பாக்கி அது. பெயின்ட் அடிக்கிற மனுஷன். ஏணி வாங்கவென்று வாங்கிப்போனவர், கேட்கும்போதெல்லாம் "வேலையே இல்ல மச்சான்" என்று கையை விரித்தார். கொத்தனார் நம்பவில்லை. பொய்க்காரன் என்று தெருவில் வைத்தே ஏசிவிட்டார். அன்றோடு தங்கை அவர் வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டாள். பணத்தைவிட அதுதான் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஏசு சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக, பெரிய வியாழனன்று கோவிலில் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுவார். அதற்குப் பேர் கொடுத்தவர்களில் கொத்தனாரும் ஒருவர். சாயங்காலம் சிமென்ட் அரித்த பாதத்தைக் கல்லில் வைத்து உரசு உரசென்று உரசினார்.

"கழுவின காலைக் கழுவ சாமியார் எதுக்கு? பூசையையும் நீங்களே வெச்சிடுங்க," என்றாள் மனைவி.

"நாலு பேர் பாக்குற கால்டி."

பேர் கொடுத்தவர்களில் கோவிலுக்குக் கடைசியாக வந்தவர் தங்கை மாப்பிள்ளை. மிஞ்சியிருந்தது கொத்தனாருக்கு அடுத்த நாற்காலிதான். இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சாமியாருக்கு முட்டிவலி. முதல் ஆளின் பாதத்தைக் கழுவிவிட்டு, தூணைப் பிடித்து எழுந்தார். "ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவணும்னுதான் ஆண்டவர் சொன்னார். எனக்கு மட்டும் சொல்லல. பக்கத்து ஆளுக்கு இனி நீங்களே கழுவுங்க."

கிண்ணம் கைமாறிக் கொத்தனாரிடம் வந்தது. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை முன்னால் முட்டி போட்டார். அவரோ காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் மச்சான். நீங்க போய் என் காலை..."

"ஆண்டவர் கழுவ வந்தப்போ பேதுருவும் இப்படித்தான் அடம்பிடிச்சார். குடுங்க மாப்ள, ஆள் காத்திருக்காங்க."

பாதம் உள்ளங்கைக்கு வந்தது. தண்ணீர் ஊற்றப்போன கை நின்றது. நக ஓரத்தில் ஒரு பொட்டுச் சாயம்கூட இல்லை. நகக்கண்ணில் புகுந்த பெயின்ட் மண்ணெண்ணெய்க்கும் மசியாது. நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். எத்தனையோ கட்டடத்தில் சேர்ந்து வேலை பார்த்தும், இந்தக் காலை இவ்வளவு வெளுப்பாகக் கொத்தனார் பார்த்ததில்லை. மாசக்கணக்கில் மனுஷன் பிரஷ்ஷைத் தொடவில்லை.

தண்ணீரை மெல்ல ஊற்றினார். அது தெளிவாகவே கிண்ணத்தில் விழுந்தது.

"திங்கக்கிழமை என்கூட வாங்க. சாந்து குழைக்க ஆள் இல்ல. கூலி அன்னன்னிக்கு."

"பாக்கியில கழிச்சுக்கோங்க மச்சான்."

"எந்தப் பாக்கி?" கொத்தனார் துண்டால் விரலிடுக்கை ஒற்றினார். "அது இந்தத் தண்ணியோட போச்சு. ஞாயித்துக்கிழமை தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க."

மாப்பிள்ளை கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஆள் முன்னால் முட்டி போட்டார்.