பல் வைக்கிற தேதி

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு அடித்தள அறை. காலையில் வந்திறங்கும் பாட்டில்களில் மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்ப்பாள், பதிவேட்டில் எழுதுவாள், மாலையில் கதவைப் பூட்டுவாள். ஐம்பத்தாறு வயதில் வாய்விட்டுப் பேச ஆளில்லை. கணவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம். தூரதேசத்து மகன் ஞாயிறுதோறும் கூப்பிட்டு, கேள்வியும் அவனே பதிலும் அவனேயாகப் பேசிவிட்டு வைத்துவிடுவான்.

கடைவாய்ப்பல் ஒன்று விழுந்து வருடக்கணக்காகியும் அவள் அதைச் சட்டை செய்யவில்லை. ஒரே பக்கமாக மென்று மென்று அந்தப் பக்கமும் நோவெடுத்த பிறகுதான் பல் மருத்துவரிடம் போனாள். பல் இருந்த இடத்தில் எலும்பு தேய்ந்திருந்தது. மருத்துவருக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். ஈறைக் கீறி எலும்புத் தூளை நிரப்பி, கூடவே சின்னத் திருகு ஒன்றையும் இறக்கித் தைத்தார். தூள் இறுகித் திருகைக் கவ்விப் பிடிக்க ஆறு மாதமாகும், அதற்குள் மேலே பல்லை வைத்துக் கடித்தால் திருகு ஆட்டம் கண்டு எல்லாம் பாழாகிவிடும் என்றார். இதைச் சொன்னாலே மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களாம். இவள் ஒருத்திதான் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

தையல் பிரித்தபின் மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். அவளோ இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை போய் நின்றாள். ஈறு நமநமக்கிறது என்பாள், வீங்கின மாதிரி இருக்கிறது என்பாள். வரவேற்பு மேசைப் பெண் "வாங்கக்கா" என்று நாற்காலியைக் காட்டுவாள். மருத்துவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இந்த வாரம் தண்ணீரில் என்ன விசேஷம் என்று கேட்பார். பாட்டிலோடு பொடிமீன் ஒன்று நீந்தி வந்த கதையைச் சொன்னபோது இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கப்புறம் சொல்வதற்கென்றே வாரம் முழுக்க ஏதாவது சேர்த்து வைத்தாள்.

ஐந்தாம் மாதம் எக்ஸ்ரே எடுத்தார். திருகின் மேல் ஒரு முளையைப் பொருத்தி, திருகு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் கருவியை அருகே பிடித்து எண்ணைப் பார்த்தார்.

"உங்க எலும்பு ரொம்ப சுறுசுறும்மா. ஆறு மாசம் காத்திருக்க வேண்டாம், அடுத்த சனிக்கிழமையே பல்லு வச்சிடலாம்."

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் ரெண்டு மாசம் போகட்டுமே டாக்டர். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

எலும்பு இறுகும் முன் அவசரப்பட்டிருந்தால்தான் கெடுதல், இனி சும்மா தள்ளிப்போட்டால் எதிர்ப்பல் இடம் தேடி இறங்கிவரும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். பிறகு அவள் முகத்தையே பார்த்தார்.

"பயமா இருக்கா?"

"பயமெல்லாம் இல்ல."

அவர் கையுறையைக் கழற்றினார்.

"சரிம்மா. முதல்ல ஆறு மாசம்னுதானே சொன்னேன். ஆறு மாசமே இருக்கட்டும்."

அந்த ஒரு மாதத்தில் அவள் மூன்று தடவை போனாள். அவர் காரணம் கேட்கவில்லை. மாதம் முடிந்தது, பல்லும் வந்தது. மெல்லிய தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, இடித்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்தார். அசல் பல் போலவே இருந்தது. மேசைப் பெண் தந்த அட்டையில் அடுத்த தேதி ஒரு வருடம் தள்ளிப் போட்டிருந்தது.

மறுமாதம் ஒரு சனிக்கிழமை கால்கள் தன்பாட்டுக்கு அந்த மாடிப்படி ஏறின. உள்ளே கூட்டம்.

"என்னக்கா, பல்லு வலிக்குதா?"

"இல்லம்மா. சும்மாதான் வந்தேன்."

தொலைபேசி அடித்தது, மேசைப் பெண் எடுத்துப் பேசினாள். வந்தவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் ஒருமுறை கதவைத் திறந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார், அவளைக் கவனிக்கவில்லை. அரைமணி கழித்து எழுந்தாள்.

"அக்கா," மேசைப் பெண் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள், "ஒரு மணிக்கு மேல வாங்க. அப்ப கூட்டம் இருக்காது."

அவள் சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.